பாஸ் கிட்டாருக்குள் ஒரு மின்கலம்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துப் புல்லர்டன் நகரில் 1938ஆம் ஆண்டு வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்தவர் லியோ பெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆயினும் 1951இல் அவர் வெளியிட்ட 'பிரிசிஷன் பாஸ்' என்னும் மின்கிட்டார் இசையுலகில் பெரும் மாற்றத்தை உண்டாக்கியது. ஆளுயர டபுள் பாஸைச் சுமந்து திரிந்தவர்கள் கருவியைத் தோளில் மாட்டி வாசிக்கலானார்கள்.

அதன் மின்சுற்று மிக எளியது. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச்சுருள். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்பாயம் மாறி, சுருளில் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. பாரடே 1831இல் கண்டறிந்த அதே விதிதான். சுருளை அடுத்து ஒலியளவுக் குமிழ், தொனிக் குமிழ், ஒரு மின்தேக்கி. மின்கலம் கிடையாது. இதைப் 'பாசிவ்' முறை என்பர். இதில் தொனிக் குமிழ் எதையும் கூட்டாது. உயர் அதிர்வெண்களைக் குறைக்க மட்டுமே செய்யும்.

இயற்பியல் மாணவர்களுக்குச் சுவையான பகுதி இனித்தான் வருகிறது. சுருளின் மின்தூண்டல் எண் 5 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். கிட்டாரிலிருந்து பெருக்கிக்குச் செல்லும் வடமும் ஒரு மின்தேக்கியே. மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோபாரட். 5 மீட்டர் வடமானால் ஒத்ததிர்வு ஏறக்குறைய 3200 ஹெர்ட்சில் நிகழும். 10 மீட்டரானால் 2250க்கு இறங்கிவிடும். அதற்கு மேற்பட்ட ஒலிகள் தேய்ந்துபோகும். வடத்தை மாற்றினால் கருவியின் குரலே மாறுகிறது! (சுருளின் சொந்தத் தேக்குதிறனை விட்டுவிட்டேன், சூத்திரத்தில் இட்டுச் சரிபார்த்துக்கொள்க.)

1970களின் தொடக்கத்தில் அலெம்பிக் என்ற கலிபோர்னிய நிறுவனம் கிட்டாருக்குள்ளேயே ஒரு சிறு மின்னணுப் பெருக்கியை வைத்தது. சுருளுக்கும் வடத்துக்கும் இடையே அது நிற்பதால் வடத்தின் நீளம் சுருளைப் பாதிப்பதில்லை. இதுவே 'ஆக்டிவ்' முறை. அக்கருவிகளின் விலையோ மிக அதிகம். 1976இல் மியூசிக் மேன் நிறுவனத்தின் 'ஸ்டிங்ரே' பாஸ்தான் இம்முறையைப் பலர் கைக்குக் கொண்டு சேர்த்தது. 9 வோல்ட் மின்கலத்தால் இயங்கிய அதன் சுற்றில் தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டவும் முடிந்தது. அதன் உருவாக்கத்தில் பங்குகொண்டவர், 1965இல் தம் பழைய நிறுவனத்தை விற்றுவிட்டிருந்த அதே லியோ பெண்டர்!

அப்படியானால் ஆக்டிவ் முறையே சிறந்ததா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெருக்கி தன் இரைச்சலையும் சிறிது சேர்க்கும். மின்கலம் தீர்ந்தால் வாசிப்பின் நடுவே ஒலி கரகரத்து அடங்கும். மேலும், உயர் ஒலிகளை எல்லாரும் விரும்புவதுமில்லை. 1960களில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் ஒலிப்பதிவுக் கூடத்தில் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது பாசிவ் பிரிசிஷன் பாஸ்தான். தந்திகளுக்கு அடியில் நுரைப்பஞ்சு வைத்து உயர் ஒலிகளை அவர் மேலும் அமுக்கிக்கொண்டார்.

ஜார்ஜ் புல்லர்டனுடன் சேர்ந்து பெண்டர் நிறுவிய ஜி அண்டு எல், 1980இல் 'எல்-2000' பாஸை வெளியிட்டது. ஆக்டிவ், பாசிவ் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ள அதில் ஒரு சிறு விசை உண்டு. மின்கலம் தீர்ந்துவிட்டாலும் விசையைத் தள்ளிவிட்டு வாசிப்பைத் தொடரலாம்.