விழாத தாயம்

சென்ற கோடை விடுமுறையில், பெரிய மார்க்கெட்டை ஒட்டிய ஒரு பாத்திரக் கடையில் ஒரு சோடிப் பித்தளைத் தாயக்கட்டை வாங்கினேன். பெரிய மார்க்கெட் என்று புதுச்சேரிக்காரர்கள் சொல்வது, நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடைப்பட்ட குபேர் அங்காடியைத்தான். யூனியன் பிரதேசத்தின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருந்தாலும், மீன் வாங்கப் போகிறவரும் பூ வாங்கப் போகிறவரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது அரிது.

வீட்டுக்கு வந்து கட்டையை உருட்டிக் காட்டினேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் தன் கைபேசியை எடுத்துக் காட்டினாள். அதிலும் தாயம் இருந்தது. "இதுல தாயம் விழலன்னா அதுவே அடுத்த ஆளுக்குப் போயிடும்ப்பா. ஒரு காய்தான் நகர முடியும்னா அதுவே நகர்த்திடும். நீங்க உருட்டி, எண்ணி, வாயால சொல்லி, காயைத் தள்ளி வச்சு… எதுக்குப்பா இவ்வளவு நேரம்?" என்றாள்.

நியாயமான கேள்வி. உடனே விடை சொல்ல இயலவில்லை. அதன் பிறகு சில மாதங்களாகப் படித்ததையும் கணக்கிட்டதையும் இங்கே வைக்கிறேன்.

முதலில் கணக்கு. தாயக்கட்டை ஒவ்வொன்றுக்கும் நான்கு முகங்கள். புள்ளி இல்லாதது ஒன்று, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரு கட்டைகளையும் உருட்டினால் 16 வகையாக விழலாம். அவற்றுள் தாயம், அதாவது ஒன்று, விழுவது இரண்டு வகையில் மட்டுமே. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. எங்கள் வீட்டு வழக்கில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். தாயம் விழுந்தால்தான் காய் களத்தில் இறங்கும். எனவே ஒரே உருட்டில் தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஆனால் ஐந்தும் ஆறும் பன்னிரண்டும் தருகிற மறு உருட்டுகளைச் சேர்த்துக் கணக்கிட்டால், ஒருவர் தம் முறை முடிவதற்குள் தாயம் காணும் வாய்ப்பு மிகச் சரியாக ஆறில் ஒன்றாகிறது. லூடோவில் ஆறு விழுந்து காய் வெளியே வருவதற்கான வாய்ப்பும் இதே ஆறில் ஒன்றுதான். கட்டையின் வடிவம் வேறு, முகங்கள் வேறு, விதிகள் வேறு. காத்திருப்பின் அளவு மட்டும் ஒன்று. இதைக் கண்டபோது சற்று வியப்படைந்தேன்.

இதன் பொருள் என்ன? நால்வர் ஆடும் ஆட்டத்தில் முதல் சுற்று முடியும்போது ஒருவர்கூடக் களத்தில் இறங்கியிருக்க மாட்டார் என்பதற்கு ஏறக்குறையப் பாதி வாய்ப்பு உண்டு. துல்லியமாகச் சொன்னால் நூற்றுக்கு 48. ஆறு சுற்றுகள் முடிந்த பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருப்பவராக ஒருவர் இருக்க மூன்றில் ஒரு வாய்ப்பு. ஆட்டத்தின் கடைசியிலும் இதே கதை. பழம் எடுக்க ஒரு கட்டம் மீதமிருக்கிறது என்றால் மீண்டும் தாயத்துக்காகவே தவம். இதற்கிடையில், எதிரியின் காயை ஒரு முறையாவது வெட்டியிருந்தால்தான் உள்கட்டத்துக்குள் நுழையலாம் என்ற விதியும் உண்டு. வெட்டு வாய்க்காதவரின் காய் வெளிச்சுற்றிலேயே மறுபடி மறுபடி சுற்ற வேண்டியதுதான். ஆக, என் மகள் வீண் என்று சொன்ன முறைகள் ஆட்டத்தில் தற்செயலாக ஒட்டிக்கொண்டவை அல்ல. ஆட்டமே அவற்றால் நெய்யப்பட்டிருக்கிறது.

இவ்வீண் முறைகளைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் கைபேசியோடு பிறந்ததும் அன்று. சிறுவயதில் பெரிய மார்க்கெட்டில் பிற்பகல் வேளைகளில், வியாபாரம் அடங்கிய நேரத்தில், பூக்காரப் பெண்கள் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டுத் தாயம் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பித்தளைக் கட்டை இல்லை. புளியங்கொட்டைகள் நான்கை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியத் தேய்த்து வைத்திருந்தார்கள். ஒரு வெள்ளை விழுந்தால் தாயம். நான்கும் வெள்ளையானால் நாலு, நான்கும் கறுப்பானால் எட்டு. இம்மூன்றுக்கும் மறு உருட்டு. கொட்டைகள் இரு பக்கமும் சமமாக விழும் என்று கொண்டால், ஒரு முறையில் தாயம் காணும் வாய்ப்பு ஏழில் இரண்டு. பித்தளைக் கட்டையைவிட ஒன்றே முக்கால் மடங்குக்கும் சற்றுக் குறைவு. வாடிக்கையாளர் எந்நேரமும் வந்துவிடக் கூடிய இடத்தில் ஆடுகிறவர்களிடம், ஆட்டத்தை விரைவுபடுத்தும் கருவியே தற்செயலாக வாய்த்திருந்தது.

கடல் கடந்தும் இதே முயற்சி நடந்தது. வட இந்தியப் பச்சீசி மேற்கே போய் அமெரிக்காவில் பார்ச்சீசி ஆயிற்று. 1874ல் அது வணிகக் குறியாகப் பதிவு பெற்றது. அதில் இரண்டு பகடைகள். எந்தப் பகடையில் ஐந்து விழுந்தாலும், இரண்டும் கூடி ஐந்தானாலும் காய் இறங்கலாம். அந்த வாய்ப்பு 36ல் 15. காத்திருப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. இங்கிலாந்தில் 1890களில் உருவான லூடோவோ சோழிகளைக் கைவிட்டு ஒற்றைப் பகடைக்கு வந்து, விதிகளைக் குழந்தைகளுக்கேற்பச் சுருக்கிக்கொண்டது.

பிரெஞ்சுக்காரர்கள் நேர் எதிர்த் திசையில் போனார்கள். எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுகிறவரைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். அவ்வீட்டில் 'பெத்தி ஷெவோ', அதாவது சின்னக் குதிரைகள் என்ற பலகை இருந்தது. பச்சீசியின் பிரெஞ்சு வாரிசு அது. ஆறு விழுந்தால்தான் குதிரை லாயத்தை விட்டு வெளியேறும். சுற்றி முடித்து வந்த குதிரை ஏறவேண்டிய படிகள் ஆறு. முதல் படிக்கு ஒன்று, இரண்டாம் படிக்கு இரண்டு என்று வரிசை தவறாமல் விழ வேண்டும். ஒரே குதிரை மீதமிருந்தால் படியேற்றத்துக்கு மட்டும் சராசரியாக 36 உருட்டுகள். அந்தத் தாத்தா ஐந்தாம் படியில் நின்றுகொண்டு ஆறுக்காகக் காத்திருந்த மாலைகள் நினைவில் இருக்கின்றன. ஒரு நாளும் அவர் சலித்துக்கொண்டதாக நினைவில்லை.

காத்திருப்பைப் பண்பாகவே கருதிய மரபும் நம்மிடம் இருந்திருக்கிறது. அக்பரின் அரண்மனை ஆட்டங்களை விவரிக்கும் அபுல் ஃபஸல், ஆயினே அக்பரியில் ஒரு செய்தி சொல்கிறார். சில வேளைகளில் இருநூறு பேருக்கு மேல் ஆட்டத்தில் கலந்துகொண்டார்களாம். பதினாறு ஆட்டங்கள் முடியும்வரை எவருக்கும் வீடு திரும்ப அனுமதி இல்லை. சில நேரங்களில் அது மூன்று மாதம்வரை நீண்டதாம். பொறுமை இழந்தவருக்குத் தண்டனை, ஒரு கிண்ணம் மது. அவையோரின் இயல்பை எடைபோட அக்பர் இவ்வாட்டங்களைப் பயன்படுத்தினார் என்றும் அவர் குறிப்பிடுகிறார். ஒருவரின் இயல்பு நல்ல உருட்டு விழும்போது தெரிவதைவிட விழாதபோதுதான் அதிகம் தெரியும் என்பது அக்பருக்குத் தெரிந்திருக்கிறது.

நம் வீடுகளில் வைகுண்ட ஏகாதசி இரவும் அப்படித்தான். கண் விழிப்பதற்காகப் பரமபதமும் தாயமும் ஆடுகிறோம். விடியும்வரை நீள வேண்டும் என்பதே அங்கு நோக்கம். பாம்பு கடித்து இறங்கிய காய் மீண்டும் முதலிலிருந்து ஏறுவதை வீண் என்று அவ்விரவில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னும் பின்னே போகலாம். புறநானூற்றின் 52ஆம் பாடலில் மருதன் இளநாகனார் ஒரு பாழடைந்த பொதியிலைக் காட்டுகிறார். போருக்கு அஞ்சி ஊர் நீங்கிவிட்டது. முன்பு அங்கே நரைத்த முதியவர்கள் வல்லாடியிருக்கிறார்கள். நாய் என்று அன்று அழைக்கப்பட்ட ஆட்டக்காய்கள் பட்டுப் பட்டுக் குழிந்த இடத்தில் இப்போது காட்டுக்கோழி முட்டையிடுகிறது. அழிவைக் காட்ட வந்த புலவர், அதற்கு முன்னிருந்த வாழ்வின் அடையாளமாகத் தேர்ந்துகொண்டது அந்தக் குழிகளை. எத்தனை ஆண்டுகள், எத்தனை வீண் முறைகள் சேர்ந்தால் காய் பட்ட இடம் குழியும்!

*

இனி இணையத்துக்கு வருவோம். பகடை ஆட்டம் இணையத்தில் ஏறிய தொடக்க முயற்சிகளில் ஒன்று, 1992ல் ஆண்ட்ரியாஸ் ஷ்னைடர் அமைத்த முதல் இணைய பேக்கேமன் வழங்கி. படங்கள் இல்லை, எழுத்துகளால் வரைந்த பலகை, தட்டச்சு செய்யும் கட்டளைகள். விழுந்த எண்ணுக்கு ஒரே ஒரு நகர்வுதான் உண்டென்றால், அதைத் தானே செய்துவிடும் வசதி அதில் இருந்தது. ஆனால் அது ஆடுகிறவர் விரும்பினால் இயக்கி, விரும்பாவிட்டால் நிறுத்திவைக்கும் விசையாக இருந்தது. இது முக்கியம் என்று நினைக்கிறேன். முறையைச் சுருக்கும் உரிமை ஆடுகிறவரிடம் விடப்பட்டிருந்தது.

ஏன் முக்கியம்? வெறுமையாகத் தோன்றும் முறைக்குள் சில நேரம் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. பேக்கேமனில் பகடையை உருட்டுவதற்கு முன், பந்தயத்தை இரட்டிப்பாக்கும் உரிமை ஆடுகிறவருக்கு உண்டு. கருவி தானாக உருட்டிவிட்டால் அந்த உரிமை சத்தமின்றிப் பறிபோகிறது. பச்சீசியிலும் விழுந்த எண்ணை ஆடாமல் விட்டுவிட ஒருவருக்கு உரிமை இருந்தது. பாதுகாப்பான கட்டத்தில் இருக்கும் காயை வெளியே எடுக்க மனமில்லாதவர், கூட்டாளிக்காகத் தாமதிக்கிறவர், தம் முறையை வேண்டுமென்றே விடலாம். அங்கே சும்மா இருப்பதும் ஓர் ஆட்டம். நகர முடிந்தால் நகர்த்தியே தீர்வேன் என்று கருவி நினைக்கும்போது, இந்தச் சும்மா இருத்தலுக்கு இடமில்லாமல் போகிறது.

ஆயினும் என் மகளின் பக்கமும் நியாயம் உண்டு. எதிரெதிரே அமராத நால்வர், நான்கு ஊர்களில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, விழாத தாயத்துக்கு என்ன பொருள்? கேலி செய்யப் பக்கத்தில் ஆள் இல்லை. கட்டை உருளும் ஓசையும் இல்லை. மும்பை நிறுவனம் ஒன்று 2016ல் வெளியிட்ட லூடோ கிங், 2020 ஊரடங்கில் வீடுகளுக்குள் அடைபட்டவர்களால் பெருமளவில் ஆடப்பட்டது. தொலைவில் இருந்த உறவுகளோடு அதில் ஆடியவர்கள் பலர். அவர்களுக்கு வெற்று முறை தானே கடந்து போவது பேருதவி. தேர்வும் இல்லாமல், பார்ப்பவரும் இல்லாமல் கழியும் முறையை நீக்குவதில் எனக்கு மறுப்பில்லை.

என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. பணம் வைத்து ஆடும் லூடோ செயலிகள் பெருகியபோது, அவற்றில் சில இச்சுருக்கத்தை அதன் எல்லைவரை கொண்டுபோயின. காய்கள் தொடக்கத்திலேயே களத்தில் நிற்கும். ஆறுக்காகக் காத்திருக்க வேண்டாம். சில நிமிடங்களே ஆட்டம். நகர்ந்த கட்டங்களுக்குப் புள்ளி. மணி அடித்தவுடன் பணம் கைமாறும். காத்திருப்பை நீக்கியது ஆடுகிறவரின் வசதிக்காக மட்டும் அன்று. ஒரு மணி நேரத்தில் ஒரு பந்தயம் நடந்த இடத்தில் பல பந்தயங்களை நடத்துவதற்காகவும்தான். இத்தகைய லூடோ திறனா, அதிர்ஷ்டமா என்ற வழக்கு 2021ல் மும்பை உயர் நீதிமன்றம்வரை சென்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்தது.

இதை எண்ணும்போது பெரிய மார்க்கெட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் எழுதப்பட்ட ஒரு காவியம் நினைவுக்கு வராமல் இராது. 1908 முதல் பத்தாண்டுகள் இவ்வூரில் வாழ்ந்த பாரதி, பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தை 1912ல் வெளியிட்டார். அதில் வரும் சூதைக் கவனித்தால் ஒன்று புலப்படும். அங்கே காய் இறங்குவதற்கான காத்திருப்பு இல்லை. சுற்றி வரும் பயணம் இல்லை. பணயம், உருட்டு, தோல்வி, மறுபடி பணயம். நாடும் தம்பியரும் தானும் மனைவியும் ஒருவர்பின் ஒருவராகப் போகிறார்கள். இடையில் ஓர் ஆறு சுற்று தாயம் விழாமல் இருந்திருந்தால், தருமன் எழுந்து போய்த் தண்ணீராவது குடித்திருப்பான். விதுரன் சொன்னது காதில் ஏறியிருக்கும். வீண் முறைகள் அனைத்தும் நீக்கப்பட்ட பகடை ஆட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு நம்மிடம் உள்ள பழைய உதாரணம் அஸ்தினாபுரத்து மண்டபம்தான். சொக்கட்டானிலும் பணயம் வைத்து அழிந்தவர்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அங்கு அழிவதற்கு நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் மனம் மாறவும் இடமிருந்தது.

அண்மையில் ஒரு பிற்பகல், மார்க்கெட்டில் பூ விற்கும் ஆயாவிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். சிறுவயதில் தாயம் ஆடியிருக்கிறாராம். "மூணு சுத்தா ஒண்ணும் விழலன்னா சலிப்பா இருக்காதா ஆயா?" என்றேன். கதம்பத்தைக் கட்டியபடியே சொன்னார்: "விழலன்னா என்னா தம்பி? யாவாரமுந்தான் விழல. அதுக்குன்னு கடையைத் தூக்கிட்டா போறோம்?"

இப்போது வீட்டில் இரண்டும் நடக்கிறது. பயணத்தில் மகளின் கைபேசி; ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பித்தளைக் கட்டை. போன வாரம் ஒன்பது சுற்று அவளுக்குத் தாயம் விழவில்லை. பத்தாவது சுற்றில் விழுந்தபோது அவள் போட்ட கூச்சலுக்கு அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கைபேசியில் அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.