மூணாம் நாள் நடுக்கம்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, பாதி எழுதி அப்படியே போட்டு வச்சிருந்த பதிவு இது. வரலாறுன்னு சொல்லிட்டு சொந்தக்கதையில ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கங்க மக்களே.

1994 கார்த்திகை. திருநெல்வேலிப் பக்கம் எங்க ஊர். என் தாய்மாமா தினமும் குடிக்கிற ஆள். அந்த வருஷம் சபரிமலைக்கு மாலை போடப்போறேன்னு அவர் சொன்னதும் வீட்ல எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம். மாலை போட்ட அன்னிக்கே குடி நின்னுச்சு. ரெண்டாம் நாள் கை நடுக்கம், ஒரே வேர்வை. மூணாம் நாள் ராத்திரி உடம்பெல்லாம் எறும்பு ஊருதுன்னு தட்டித் தட்டி விட்டார். இல்லாத ஆளுங்களோட பேசினார். சாமி வந்திருக்குன்னு சொல்லி விபூதி பூசினாங்க. ரெண்டு தெரு தள்ளி இருந்த நர்சம்மா வந்து பார்த்துட்டு, "விரதத்துல வர்ற மயக்கம், இளநீர் கொடுங்க"ன்னுட்டுப் போனாங்க. விடியறதுக்கு முன்னாடி வலிப்பு வந்துச்சு. பெரியாஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு.

அந்த நர்சம்மா மேல எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. பிரசவம், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு. அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான்.

2021ல ஒரு ராத்திரி மாமா பொண்ணு போன் பண்ணினா. அவளும் இப்போ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸ். "அத்தான், அப்பாவுக்கு வந்தது சாமி இல்ல. தினமும் குடிக்கிறவங்க டக்குனு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல இப்படி வருமாம். வராம தடுக்க மாத்திரை இருக்காம். இன்னிக்கு ஆன்லைன் கிளாஸ்ல ஒரு கேஸ் சொன்னாங்க, அப்படியே அப்பா"ன்னா. "நீ நர்சிங்லயே படிச்சிருப்பியே?"ன்னு கேட்டேன். "படிச்சேன், பரிட்சைக்கு மனப்பாடம் பண்ணினேன். ஆனா அது எங்கப்பாதான்னு எனக்குத் தோணவே இல்லை"ன்னா.

இதைக் கேட்டதுக்கு அப்புறம்தான் இந்தப் பயிற்சிகளோட வரலாற்றைத் தேட ஆரம்பிச்சேன்.

மனநல மருத்துவர்கள் போதாது, அதனால அடிமட்டச் சுகாதாரப் பணியாளருக்கே இதைக் கற்றுக் கொடுக்கணும்ங்கிற யோசனை நாம நினைக்கிறதை விடப் பழசு. 1975ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு இதைத்தான் சொன்னது. அதே காலகட்டத்தில் சண்டிகர் மருத்துவர்கள் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியிலும், பெங்களூர் நிம்ஹான்ஸ்காரர்கள் சகலவாராவிலும் இதைச் செய்து பார்த்தார்கள். 1982ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1985லிருந்து ஐந்து வருஷம் நிம்ஹான்ஸ் குழு கர்நாடகாவின் பெல்லாரி மாவட்டத்தில், சுமார் 20 லட்சம் மக்களுக்கு நடுவில், ஆரம்ப சுகாதார நிலைய ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலை வாங்கியது. அது ஓரளவு நடந்தும் காட்டியது.

குடிநோய்ப் பக்கம் பார்த்தால், சென்னையில் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிக்கு இழந்தவர். 1980ல் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தை ஆரம்பித்தார். டி.டி.கே. ஆஸ்பத்திரின்னா நம்ம ஆட்களுக்குத் தெரியும். சிகிச்சையோடு நிற்காமல் மற்ற மையங்களின் ஆலோசகர்களுக்கும் அங்கே பயிற்சி கொடுத்தார்கள்.

பெல்லாரியை மாதிரியாக வைத்து 1996ல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. நம்ம திருச்சி அதில் ஒன்று. மாமா போய் ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. இருந்திருந்தாலும் திருச்சி வேற, எங்க ஊர் வேற.

இந்தப் பயிற்சிகள்ல ஒரு சிக்கல். ஒரு வாரம், ரெண்டு வாரம் ஊருக்கு வெளியே கூட்டிட்டுப் போய்ச் சொல்லிக் கொடுப்பாங்க. திரும்பி வந்து மூணு மாசம் கழிச்சு ஒரு கேஸ் வரும். அப்போ யாரைக் கேட்பாங்க? பெல்லாரியில கூடவே நின்னு கேட்டுச் சொல்ல ஒரு குழு இருந்துச்சு. திட்டம் பெருசானதும் அந்தக் கூட நிற்கிற ஆள்தான் முதல்ல காணாமப் போனார்.

இதுக்கு விடை வேற ஊர்ல, வேற வியாதியில கிடைச்சுது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாகாணம். இந்தியாவில் பிறந்த கல்லீரல் மருத்துவர் சஞ்சீவ் அரோரா. ஹெபடைடிஸ் சி நோயாளிகள் அவரைப் பார்க்க மாசக்கணக்கில் காத்திருந்தார்கள். 2003ல் அவர் ஒரு காரியம் செய்தார். கிராமத்து மருத்துவர்களை வாரம் ஒருமுறை வீடியோவில் கூப்பிட்டு, அவங்க நோயாளியை அவங்களே விவரிக்கச் சொல்லி, எல்லாருமா பேசி முடிவெடுப்பது. பேர் எக்கோ. 2011ல் வெளிவந்த ஆய்வில், பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். கிராமத்து டாக்டர்களிடமும் சிறைகளிலும் 58.2. அதாவது ரெண்டும் ஒண்ணுதான்! அதற்கு முன்பே, 2005லிருந்து, அங்கே போதைநோய்க்கும் இதே முறை ஓடிக்கொண்டிருந்தது.

நிம்ஹான்ஸ் அதைப் பிடித்துக்கொண்டது. 2010களின் நடுவிலிருந்து எக்கோ வகுப்புகள், 2018ல் டிஜிட்டல் அகாடமி. டாக்டர், உளவியலாளர், சமூகப் பணியாளர், நர்ஸ்னு தனித்தனிப் படிப்பு. இன்னொரு பக்கம் கோவாவில் சங்காத் அமைப்பு, மருத்துவம் படிக்காத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவங்க பேசியே குடியைக் குறைக்க உதவ முடியும்னு சோதனை செய்து காட்டியது. மத்தியப் பிரதேசத்தின் செஹோரில் ஆஷா பணியாளர்களுக்கு ஸ்மார்ட்போனிலேயே மனச்சோர்வு சிகிச்சையைச் சொல்லிக் கொடுத்தும் பார்த்தார்கள்.

தேவை எவ்வளவுன்னு கேட்டா ஒரே ஒரு எண் சொல்றேன். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மதுப் பிரச்சினை உள்ளவர்களில் சுமார் 86 சதவீதம் பேருக்கு சிகிச்சையே கிடைக்கவில்லை.

இப்போ என் கருத்து, ஒத்துக்காதவங்க சண்டைக்கு வரலாம் :-) ஆன்லைன்ங்கிறதால மட்டும் எதுவும் மாறிடலை. வீடியோவை ஓட விட்டுட்டு சமையல் பண்ணி, கடைசியில பத்து கேள்விக்கு டிக் அடிச்சு சர்டிபிகேட் வாங்கினா, அது அந்த ஒருவாரப் பயிற்சியை விட மோசம். மாறினது என்னன்னா, அடுத்த வாரமும் அதே முகங்கள் திரையில வர்றாங்க. "சார், போன வாரம் சொன்ன அந்த ஆளு..."ன்னு கேட்க முடியுது. 1994ல எங்க நர்சம்மாவுக்கு இல்லாதது அதுதான். அறிவு கம்மின்னு நான் சொல்ல மாட்டேன். ராத்திரி பத்து மணிக்குக் கேட்க அவங்களுக்கு ஆள் இல்லை.

மாமா பொண்ணு இப்போ ஒவ்வொரு கார்த்திகைக்கும் ஒரு வாரம் முன்னாடியே ஊர் குருசாமியைப் போய்ப் பார்க்கிறா. மாலை போட வர்றவங்கள்ல தினமும் குடிக்கிறவங்க யார்னு கேட்டு, அவங்களை முதல்ல டாக்டர்கிட்ட அனுப்பச் சொல்றா. மாலை அப்புறம்.

முதல் வருஷம் குருசாமிக்குக் கோபம். போன வருஷம் அவரே ஒரு ஆளைக் கையோட கூட்டிட்டு வந்து, "இவனைப் பாரு தாயி"ன்னு விட்டுட்டுப் போனாராம்.