மறைபெட்டியும் மலைப்பூக்களும்

மலைவெளியில் ஒரு பெட்டியை மறைத்து வைத்து, முன்பின் அறியாதவர் அதைத் தேடிக் கண்டு தம் பெயரைப் பதிந்து செல்லுமாறு விட்டுவைக்கும் வழக்கம் இன்று ‘ஜியோகேச்சிங்’ எனப்படுகிறது. செயற்கைக்கோள்களின் துணையால் இருப்பிடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் கருவி இல்லாமல் இதை இன்று எண்ணிப்பார்க்க இயலாதெனினும், இதற்கு முன்னோடியான வழக்கம் தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது. சாக்ஃபோர்டு ஊரைச் சேர்ந்த வழிகாட்டி ஜேம்ஸ் பெரட், 1854இல், சதுப்புநிலங்களைக் கடந்தே சென்றடையக்கூடிய கிரான்மியர் குளத்தருகே ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். அவ்வளவு தொலைவு நடந்து வந்தவர்கள் தம் பெயர் அச்சிட்ட அட்டையை அதில் இட்டுச் சென்றனர். பின்னாளில் வந்தவர்கள் முகவரி எழுதிய அஞ்சலட்டையை விட்டுச்செல்ல, அடுத்து வருபவர் அதை எடுத்துப்போய் அஞ்சலில் சேர்ப்பது முறையாயிற்று. வழியின் கடுமையே வருவோரின் எண்ணிக்கையை மட்டுப்படுத்தியதால், அந்நிலத்துக்குத் தனியே காவல் தேவைப்படவில்லை.

தேடிச் சேர்வதன் கடுமை தந்த அந்தக் காவல் 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீங்கியது. அதுவரை அமெரிக்க அரசு, பாதுகாப்புக் காரணங்களுக்காக, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தமையால், கருவி காட்டும் இடம் உண்மையான இடத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் வரை விலகக்கூடியதாக இருந்தது. அப்பிழையை அதிபர் கிளிண்டனின் அரசு நீக்கிய மறுநாளே, மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே, காட்டுப்பகுதியில், ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்து வைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை இணையத்தில் அறிவித்தார். எதையேனும் எடுத்துக்கொள்வோர் எதையேனும் வைத்துச் செல்ல வேண்டும் என்பதே அவர் இட்ட நெறி. அவ்வாண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கெனத் தனித் தளத்தைத் தொடங்கியபின், வழக்கம் உலகெங்கும் பரவியது.

பரவியதன் விளைவு மலைச்சரிவுகளில்தான் முதலில் புலப்படும். கருவி, தேடுவோரைச் சில மீட்டர் தொலைவு வரை மட்டுமே கொண்டு சேர்க்கிறது. எஞ்சிய தொலைவை ஒவ்வொருவரும் சுற்றிச் சுற்றித் தேடியே கடப்பதால், பாதை இல்லாத இடத்தில் பாதை விழுகிறது. அமெரிக்காவின் காஸ்கேட் மலைத்தொடரை ஊடறுத்துச் செல்லும் கொலம்பியா ஆற்றின் பள்ளத்தாக்கில், ஏப்ரல், மே மாதங்களில் சரிவுகளை மூடிப் பூக்கும் பால்சம்ரூட்டை இங்கே கருதலாம். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்ததும், மஞ்சள் மலர்களையும் ஆழச் செல்லும் ஆணிவேரையும் உடையதுமான இச்செடி, விதையிலிருந்து முளைத்து முதற்பூ தருவதற்குப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்வது. அதனுடன் நீலப் பூங்கொத்துகளை உயர்த்தி நிற்கும் லூபினும் கலந்து பூக்கும் வசந்தமே மலையேறுவோர் திரளும் பருவம் என்பதால், அங்கே ஒரு நாள் மிதிபடும் இளஞ்செடியின் இழப்பு ஒரு பருவத்தோடு முடிவதில்லை.

ஆகவே இவ்வழக்கத்தின் வரலாற்றில், கருவி நுட்பமானதைக் காட்டிலும் நெறிகள் நுட்பமானதே பெரிய செய்தி எனலாம். மண்ணைத் தோண்டிப் பெட்டியைப் புதைக்கக் கூடாது என்பது இன்றைய பொதுவிதி. அல்மரின் வாளியே இவ்விதிக்குப் பொருந்தாது. நில உரிமையாளரின் இசைவைப் பெறுவதும், தேடிச் செல்லும் வழியில் பிறர் விட்ட குப்பையை அகற்றி வருவதும் நெறிகளாயின. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் நிர்வாகமோ, அங்கு விடப்படும் பெட்டியைக் கைவிடப்பட்ட பொருளாகக் கருதித் தொடக்கத்திலேயே தடுத்தது. அத்தடையோடு ஒத்துப்போகக்கூடிய வடிவம் 2004இல், அமெரிக்க நிலவியல் கழகத்தின் துணையோடு, ‘எர்த்கேச்’ என்னும் பெயரில் உருவாயிற்று. இதில் பெட்டியே கிடையாது; குறித்த இடத்துக்குச் செல்பவர் அங்குள்ள பாறை அடுக்கையோ பனியாறு விட்டுச்சென்ற தடத்தையோ உற்றுநோக்கி, அது உருவான விதம் பற்றிய வினாக்களுக்கு விடையளித்தால், அவர் அங்குச் சென்றது பதிவாகிறது.