படைக்கலமும் அணியும்: கண்டித் துவக்குகள் உணர்த்தும் வரலாறு

ஒரு படைக்கலத்தின் பயன் அதன் உள்ளுறுப்புகளில் அடங்கியுள்ளது. அதன் வரலாறோ பெரும்பாலும் மேற்பரப்பிலேயே எழுதப்படுகின்றது. குழலும் பொறியும் குண்டினைச் செலுத்துகின்றன. பிடங்கிற் செதுக்கிய கொடியோ, குழலிற் பதித்த வெள்ளியோ குண்டின் வேகத்தைச் சிறிதும் கூட்டுவதில்லை. ஆயினும் அத்துவக்கு யாருடையது, அவர் எத்தகைய தகுதியுடையவர், அதனை எதற்காகப் பேணினார் என்பவற்றை அவ்வணிகளே கூறுகின்றன. ஆகவே, ஒரு துவக்கின் இயக்கத்தைத் தொடாது அதன் தோற்றத்தை மாத்திரம் மாற்றுவதா, கிடைத்தவாறே விடுவதா என்னும் வினா அற்பமானதொன்றன்று.

இவ்வினா அமெரிக்க நெம்புகோல் துவக்குகள் தொடர்பில் அடிக்கடி எழுவதாகும். விசைக்குக் கீழுள்ள நெம்பினை இறக்கி ஏற்ற, வெற்றுக்கோது வெளியே வீழ்ந்து புதிய தோட்டா குழலினுட் புகும். இதுவே அவற்றின் இயக்கமுறை. 1860 ஆம் ஆண்டின் ஹென்றித் துவக்கும், அதன்பின் வின்செஸ்ரர் நிறுவனம் 1866, 1873, 1894 ஆகிய ஆண்டுகளில் அறிமுகஞ் செய்த வகைகளும் இவ்வினத்துட் புகழ்பெற்றவை. இவை தொழிற்சாலையில் ஒரே அச்சாகப் பெருந்தொகையில் உருவாக்கப்பட்டவை. ஆதலின் அவற்றைத் தமதாக்கிக்கொள்ள உரிமையாளர் தோற்றத்தையே மாற்றினர். செல்வர் சிலர் சித்திரவேலைப்பாட்டுக்கெனத் தனியாகப் பணித்தனர். சமவெளிப் பழங்குடியினர் பித்தளைத் தலையாணிகளைப் பிடங்கில் வரிசையாக அறைந்து அழகுபடுத்தினர். இன்று பழந்துவக்கு சேகரிப்போர் முதல் மெருகு குலையாதிருத்தலையே பெரிதும் மதிப்பர். தேய்ந்த எஃகுக்குப் புதிதாக நிறமேற்றுவதும் பழைய பிடங்கினை நீக்கிப் புதியதைப் பொருத்துவதும் அதன் மதிப்பைக் கெடுப்பனவென்பர். அவ்வாறாயின் பழங்குடியினரின் ஆணிகளும் குற்றமோ? அவற்றைப் பிடுங்கிவிடின் எஞ்சுவது ஆயிரத்துள் ஒரு துவக்கேயன்றி, அம்மக்களின் துவக்கன்று. ஒரே செயல் ஓரிடத்திற் சிதைவாகவும் பிறிதோரிடத்தில் வரலாறாகவும் அமைவது எங்ஙனம்? இதற்கு விடைகாண நமது நாட்டின் கண்டி இராச்சியம் தக்க சான்றுகளைத் தருகின்றது.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்ததைத் தொடர்ந்து சுடுகலன்களின் பயன்பாடு இங்கு பரவிற்று. சிங்களக் கம்மாளர் அவற்றை வெறுமனே பார்த்துச் செய்தாரல்லர். அவர்கள் ஆக்கிய துவக்குகள் பலவற்றிற் பொறி இடப்புறத்தில் அமைந்திருத்தல் தனிச்சிறப்பாகும். பிடங்கினைச் சுருளாக வளைத்துச் செதுக்கி, கொடிக்கோலம் இட்டு, தந்தமும் வெள்ளியும் பதித்தனர். கண்டியில் அரசனுக்குரிய கம்மியர் நான்கு பட்டறைகளாக ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தமையை ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தமது நூலில் விளக்கியுள்ளார். ஆகவே ஒரு துவக்கினை அணிசெய்தல் அங்கு தனியொருவரின் விருப்பமாக மாத்திரம் அமையவில்லை. அது அரசின் பணியாகவும் விளங்கிற்று.

இதற்குத் தலைசிறந்த சான்று லெவ்கே திசாவையின் பீரங்கியாகும். ஐரோப்பியச் சிறுபீரங்கியின் வடிவினதாகிய இவ்வெண்கலப் படைக்கலம் பொன், வெள்ளி, மாணிக்கம் ஆகியவற்றால் அணிசெய்யப்பட்டது. கண்டி மன்னனின் இலச்சினைகளாகிய சூரியன், பிறைமதி, சிங்கம் என்பன அதன்மீது பொறிக்கப்பட்டுள்ளன. 1745 ஆம் ஆண்டளவில் லெவ்கே திசாவை இதனை ஸ்ரீ விஜய ராஜசிங்கனுக்குக் காணிக்கையாக்கினார். 1739 முதல் 1747 வரை ஆண்ட இம்மன்னனே கண்டியின் நாயக்கர் வமிசத்து முதலரசன். தென்னிந்தியாவிலிருந்து வந்த குடியினன். சிங்களப் பிரதானியொருவர் இப்புதிய வமிசத்து மன்னனுக்கு அந்நாட்டுப் பழைய இலச்சினைகள் தாங்கிய படைக்கலத்தை ஈந்தமை, அவனது அரசுரிமையை ஏற்றுக்கொண்டமைக்கு ஓர் அடையாளம் எனக் கொள்ளலாம். அந்நிய வடிவினதாகிய பீரங்கியைக் கண்டி அரசின் சின்னமாக்கியது அதன் மேற்பரப்பில் நிகழ்ந்த மாற்றமேயாம்.

1765 இல் ஒல்லாந்த ஆள்பதி வான் எக் படையெடுத்துச் சென்று கண்டி நகரைக் கைப்பற்றியபோது அரண்மனை சூறையாடப்பட்டது. பீரங்கியும் ஒல்லாந்துக்குச் சென்று, ஈற்றில் அம்ஸ்ரர்டாமிலுள்ள றைக்ஸ் நூதனசாலையின் காட்சிப்பொருளாயிற்று. அணியே அதற்கு ஆபத்தை விளைத்தது. அணியே அதனைக் காத்ததும். எளிய பீரங்கியாயின் அது ஏதேனும் ஒரு கோட்டைக் கொத்தளத்தில் தேய்ந்து, பின் உருக்கப்பட்டிருக்கவுங் கூடும். மேலும், அது எந்நாட்டுக்கு உரியது என்பதை இலச்சினைகளும் சிங்களப் பொறிப்புமே உரைத்தன. தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பி. எச். டி. எச். த சில்வா வெளிநாடுகளிலுள்ள இலங்கைத் தொல்பொருள்களின் பட்டியலை 1975 இல் வெளியிட்டார். 2023 யூலையில் ஒல்லாந்து அரசு இப்பீரங்கியையும் வேறு ஐந்து படைக்கலங்களையும் மீளளிக்கத் தீர்மானித்தது. அவ்வாண்டு திசெம்பரில் அவை கொழும்பு தேசிய நூதனசாலையை அடைந்தன. இடைப்பட்ட காலத்தில் எவரேனும் அதனைத் ‘தூய’ ஐரோப்பியப் பீரங்கியாக்கக் கருதி அணிகளைக் களைந்திருப்பின், நமது உரிமைக்கான சாட்சியே அழிந்திருக்கும்.

இங்கிருந்து பெறப்படும் நெறி தெளிவானது. ஒரு பொருள் வாழ்வோரின் பயன்பாட்டிலும் பண்பாட்டிலும் இருக்கும்போது அவர்கள் அதன்மீது செய்யும் மாற்றம் அப்பொருளின் வரலாற்றோடு இணைகின்றது. அவ்வாழ்வு முடிந்து அது சான்றாக மாறியபின், பின்வந்தோர் அழகுக்கெனச் செய்யும் மாற்றம் அச்சான்றைத் திருத்தி எழுதுவதாகிவிடும். நினைவுச்சின்னங்கள் பற்றிய 1964 ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும் எல்லாக் காலத்தவரின் பங்களிப்பும் மதிக்கப்படவேண்டும் என்றே வலியுறுத்திற்று. இலங்கையின் 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டி ஒப்பந்த நாளாகிய 1815 மார்ச் 2 ஐ எல்லையாகக்கொண்டு அதற்கு முற்பட்டவற்றைத் தொல்பொருள் என வரையறுத்தது. அவ்வெல்லைக்கு முற்பட்ட துவக்கின் தோற்றம் அதனை வைத்திருப்பவரின் சுவைக்கு மாத்திரம் உரியதன்று என்பதே அதன் உட்கருத்தாகும்.

நேற்றுத் தொழிற்சாலையிலிருந்து வந்த துவக்கிற்கு இவ்வெல்லை பொருந்தாது. அதன் உரிமையாளர் தம் பெயரைப் பொறிக்கலாம், பிடங்கினை மாற்றலாம். மாற்றுமுன் அவர் வினவவேண்டியது ஒன்றே: இச்செயல் இப்பொருளின் கதைக்கு ஒரு வரியைச் சேர்க்குமா, அன்றி முன்னையோர் எழுதிய வரியை அழிக்குமா? சேர்க்குமாயிற் செய்க, அழிக்குமாயிற் கைகளை மடித்து வைத்திருத்தலே அறிவுடைமையாகும்.