1974–75: தோற்ற தொடரின் வரவுக் கணக்கு

பெங்களூரில் முதல் டெஸ்ட் ஆட்டம் தொடங்கிய நாள் 1974 நவம்பர் 22. லாயிட் தலைமையில் மேற்கிந்தியத் தீவினர் வந்திருந்தனர். இன்று சின்னசாமி பெயர் தாங்கும் மைதானத்தில் கிரீனிட்ஜ், ரிச்சர்ட்ஸ் இருவருக்கும் அதுவே அறிமுகம். கிரீனிட்ஜ் 93, 107. ரிச்சர்ட்ஸோ இருமுறையும் நம்ம சந்திரசேகரிடம் மாட்டிக்கிட்டார். ஆனாலும் 267 ரன்னில் தோல்வி.

டெல்லியில் பட்டோடிக்குப் பதில் நம் வெங்கட்ராகவன் கேப்டன், அங்கும் தோல்வி. அடுத்த கல்கத்தா ஆட்டத்தில் அவருக்கு அணியிலேயே இடமில்லை! இது என்ன நியாயம்னு இன்றும் கேட்கத் தோன்றுகிறது. கல்கத்தாவில் விசுவநாத் 139 அடிக்க, இந்தியா வென்றது.

1975 ஜனவரி, சேப்பாக்கம். ராபர்ட்ஸ் 7 விக்கெட் சாய்க்க, இந்தியா 190. அதில் விசுவநாத் மட்டும் 97, அவுட் இல்லை. கடைசி ஆள் போனதால் சதம் தவறியது. பிரசன்னா 9 விக்கெட் எடுக்க, 100 ரன்னில் வெற்றி. இருவரும் கர்நாடக அணிக்காரர்கள். எழுந்து கைதட்டியது சென்னைக் கூட்டம். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது கடையைச் சாத்திவிட்டு உள்ளே இருந்த நாட்களில் நான் எண்ணிக்கொண்டிருந்தது இந்த 97-ஐத்தான்.

பம்பாயில் லாயிட் 242. தொடர் 3–2 என்று அவர்கள் பக்கம் போச்சு.