சீட்டின் விலையும் மானியத்தின் கடனும்

காலை எட்டு மணி. மும்பையில் மாதுங்காவிலும், கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்திலும், டில்லியில் கரோல்பாக்கிலும் குடியேறியுள்ள நம்மவர்கள் அலுவலுக்குப் புறப்படும் வேளை அது. ரயிலைப் பிடிப்பதிலேயே கவனமாயிருக்கும் அந்நேரத்தில் கையிலுள்ள சீட்டை யார் படித்துப் பார்க்கப் போகிறார்கள்? ஆயினும் 2016-ஆம் ஆண்டில் ரயில்வே நிர்வாகம் தன் சீட்டுகளில் ஒரு வாசகத்தை அச்சிட்டது. பிரயாணத்துக்கு ஆகும் செலவில் சராசரியாக நூற்றுக்கு 57 பங்குதான் பயணிகளிடமிருந்து வசூலாகிறது என்பது அதன் சாரம். புறநகர் ரயிலில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் கொடுப்பது அந்தச் சராசரியினும் குறைவு.

அப்படியானால் மிச்சப் பணத்தைக் கொடுப்பவர் யார்? சரக்கு ரயிலில் நிலக்கரியும் நெல்லும் சிமெண்டும் அனுப்புவோர் ஒரு பகுதியைக் கொடுக்கிறார்கள். மற்றொரு பகுதி, வரி செலுத்தும் மக்களின் பொதுப் பணம். இந்தப் பொதுப் பணம் எவ்வாறு வந்தது, எந்த நிபந்தனையோடு வந்தது, அதனால் விளைந்தது என்ன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற விரும்புகிறேன். சர்க்கார் தரும் உதவித் தொகையை நாம் ‘மானியம்’ என்று எழுதுகிறோம். நாள்தோறும் என் மேஜைக்கு வரும் காகிதங்களில் இச்சொல்லைப் பலமுறை எழுத நேர்கிறது. பழங்காலத்துக் கிராமங்களில் மானியம் என்பது இனாமாகக் கிடைத்த பணம் அன்று. கோயிலில் விளக்கேற்றுபவனுக்கும், ஊர்க் காவலனுக்கும், ஏரி மதகைத் திறந்து மூடுபவனுக்கும் விடப்பட்ட நிலம் அது. நிலத்தை அனுபவிப்பவன் அதற்குரிய ஊழியத்தைச் செய்தாக வேண்டும். ஊழியம் நின்றால் மானியத்துக்கும் நியாயமில்லை. மானியமும் கடமையும் ஒரே கயிற்றின் இரு புரிகள். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் நாட்டு இருப்புப்பாதைகளின் வரலாற்றை அளந்து பார்ப்போம்.

1849-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி இரண்டு ரயில் கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. கல்கத்தாப் பக்கத்தில் ஈஸ்ட் இண்டியன் ரயில்வே. பம்பாய்ப் பக்கத்தில் கிரேட் இண்டியன் பெனின்சுலா ரயில்வே. நிலம் இலவசம். போட்ட முதலுக்கு நூற்றுக்கு 5 வீதம் வட்டி நிச்சயம். ரயில் அவ்வளவு சம்பாதிக்காவிட்டால் குறையும் தொகையைச் சர்க்காரே ஈடு செய்யும். இதற்கு உத்தரவாத முறை என்று பெயர். இந்த முறையில்தான் 1853 ஏப்ரல் 16-ஆம் தேதி பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பிரயாணிகள் வண்டி ஓடிற்று. இதே முறையில் 1856 ஜூலை முதல் தேதி நம் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கும் வண்டி புறப்பட்டது.

பாதைகள் விரைவாகப் பெருகின என்பதை மறுக்க இயலாது. 1869-க்குள் நாலாயிரம் மைலுக்கு மேல் தண்டவாளம் போடப்பட்டுவிட்டது. ஆனால் செலவு? மைலுக்கு எண்ணாயிரம் பவுன் ஆகும் என்று டல்ஹௌசி பிரபு காலத்தில் மதிப்பிட்டிருந்தார்கள். உண்மையில் ஆனது சராசரியாகப் பதினெண்ணாயிரம் பவுன் வரை. லண்டனில் பங்கு வாங்கியவருக்கு லாபமானாலும் நஷ்டமானாலும் ஐந்து சதவீதம் தவறாது வந்து சேரும்போது, சிக்கனத்தைப் பற்றி அவர் ஏன் கவலைப்பட வேண்டும்? இந்திய நிதி நிர்வாகத்தை முன்னர் வகித்த வில்லியம் மாசி, 1872-இல் பார்லிமெண்டுக் குழுவின் முன் இதையே கூறினார். வட்டி உறுதியாக இருக்கும்வரை, கொடுத்த பணம் ஹூக்ளி நதியில் எறியப்பட்டாலும் செங்கல்லும் சுண்ணாம்புமாக மாறினாலும் முதலீட்டாளருக்கு ஒன்றுதான் என்பது அவர் சாட்சியத்தின் கருத்து. அந்த வட்டியைக் கட்டியவர்கள் இந்தியக் குடியானவர்கள். அவர்களில் பலர் ரயிலைக் கண்ணால் கண்டதுகூட இல்லை. கடமையின்றிக் கொடுத்த மானியம் இது.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியைக் காவிரிக் கழிமுகத்தில் காண்கிறோம். 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டுகள் அமைந்தன. தஞ்சாவூர் ஜில்லா போர்டு ஒரு துணிவான காரியத்தில் இறங்கிற்று. நிலத் தீர்வையோடு சேர்த்து ரூபாய்க்குச் சில தம்பிடி வீதம் ரயிலுக்கென்றே தனி வரி விதித்தது. லண்டன் முதலாளியை எதிர்பாராமல், உள்ளூர் மிராசுதாரும் சிறு குடியானவனும் கட்டிய தம்பிடிகளைக் கொண்டு பாதை போட்டது. 1894 ஏப்ரலில் மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல் மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டது. 1902-இல் பட்டுக்கோட்டைக்கும், 1903-இன் கடைசி நாளில் அறந்தாங்கிக்கும் அது நீண்டது. சொத்து ஜில்லா போர்டினுடையது. வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி.

இதைக் கண்டு வேறு ஜில்லாக்களும் முன்வந்தன. கிருஷ்ணா ஜில்லா போர்டின் பெஜவாடா–மசூலிப்பட்டணம் பாதை 1908-இலும், கோயம்புத்தூர் ஜில்லா போர்டின் போத்தனூர்–பொள்ளாச்சிப் பாதை 1915-இலும், திருநெல்வேலி ஜில்லா போர்டின் திருச்செந்தூர்ப் பாதை 1923-இலும் திறக்கப்பட்டன. எந்தச் சந்தைக்கும் எந்தக் கோயிலுக்கும் ஜனங்கள் போகிறார்கள் என்பதை உள்ளூரார் அறிவார்கள். பாதையும் அவ்வழியே சென்றது.

என் தந்தையாரின் ஊர் திருத்துறைப்பூண்டிக்கு அருகே உள்ள ஒரு சிற்றூர். தென்னக ரயில்வே ஏற்பட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்னும் எங்கள் பாட்டி அந்த வண்டியை ‘போர்டு ரயில்’ என்றே சொல்வார். ‘நாம தீர்வை கட்டின ரயில்’ என்று ஒரு பெருமிதத்தோடு சேர்த்தும் சொல்வார். சிறு வயதில் அது எனக்கு விளங்கவில்லை. மானியக் கோப்புகளை மொழிபெயர்க்கும் இந்த வயதில் விளங்குகிறது.

ஆனால் உள்ளூர்ப் பணம் ஒன்றே போதும் என்று முடிவு கட்டிவிடலாகாது. வடக்கே பாருங்கள். ஹௌராவிலிருந்து ஆம்தாவுக்கு மார்ட்டின் கம்பெனியார் 1897-இல் ஒரு குறுகிய ரயிலை ஓட்டத் தொடங்கினார்கள். அதே கம்பெனியார் 1907-இல் டில்லி ஷாதராவிலிருந்து சஹாரன்பூருக்கு மற்றொரு சிறு ரயில் விட்டார்கள். பால்காரரும் கறிகாய் வியாபாரியும் சிறு குமாஸ்தாவும் அவற்றில் பிரயாணம் செய்தார்கள். சாலையில் பஸ்ஸும் லாரியும் பெருகின, வருமானம் குன்றிற்று, எஞ்சின்களும் பெட்டிகளும் கிழடு தட்டின. ஷாதரா ரயில் 1970-இலும் ஆம்தா ரயில் 1971-இலும் நின்றுபோயின. பாதை போட முதல் கிடைத்தது. ஆண்டாண்டாய் ஓட்டுவதற்குக் கைகொடுப்பார் இல்லை. பின்னர் மத்திய சர்க்காரின் பணத்தில்தான் அவ்விரு வழிகளிலும் அகலப் பாதை வந்தது.

சுதந்திரத்துக்குப் பின் நகரங்கள் வீங்கின. 1969-ஐ ஒட்டித் திட்டக் கமிஷனின் யோசனைப்படி, கல்கத்தா, பம்பாய், சென்னை, டில்லி ஆகிய நான்கு நகரங்களிலும் மாநகர ரயில் போக்குவரத்தை ஆராயத் தனி அமைப்புகள் தோன்றின. அதன் முதற்பலன் கல்கத்தா மெட்ரோ. 1972 டிசம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1984 அக்டோபர் 24-ஆம் தேதி எஸ்ப்ளனேடிலிருந்து பவானிபூர் வரை மூன்றரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக முதல் வண்டி ஓடிற்று. டம்டம்முக்கும் டாலிகஞ்சுக்கும் இடையே முழுப் பாதையும் நிறைவேற 1995 ஆயிற்று. செலவு முழுவதும் மத்திய சர்க்காரைச் சேர்ந்தது. ஆண்டுதோறும் பட்ஜெட்டில் சிறுகச் சிறுகப் பணம் ஒதுக்கினால் வேலையும் சிறுகச் சிறுகவே நடக்கும் என்பதற்கு அந்த இருபத்து மூன்று ஆண்டுகளே சான்று.

அதன் பிறகு செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை வந்தது. மும்பையில் மான்குர்டிலிருந்து உப்பங்கழியைக் கடந்து வாஷிக்கு 1992-இல் ரயில் சென்றபோது, செலவில் மூன்றில் இரு பங்கை நவி மும்பையை அமைத்த சிட்கோ நிறுவனமும், ஒரு பங்கை ரயில்வேயும் ஏற்றன. புது நகரத்தில் மனை விற்றுப் பெற்ற பணம் ரயிலுக்கு உதவிற்று. அவ்வழியில் பிரயாணம் செய்வோரின் சீட்டிலும் ஒரு சிறு கூடுதல் தொகை சேர்க்கப்பட்டது. ரயில் வந்ததால் மனைக்கு மதிப்பு; மனையின் மதிப்பால் ரயில். செம்பூரிலிருந்து வாஷிக்கும் நேரூலுக்கும் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இதை நேரில் கண்டவர்கள்.

சென்னையில் கடற்கரையிலிருந்து மயிலை வரை 1997-க்குள் முடிந்த பறக்கும் ரயிலை ரயில்வேயே கட்டிற்று. மயிலையிலிருந்து வேளச்சேரி வரை 2007-இல் நீண்டபோது, செலவில் மூன்றில் இரு பங்கு மாநில அரசினுடையது. ஆனால் நிலையங்கள் மாளிகை போல் எழுந்தும், பஸ்ஸோடு தக்க இணைப்பு இல்லாமையால், ஆரம்ப ஆண்டுகளில் எதிர்பார்த்த கூட்டம் சேரவில்லை. கட்டடத்துக்கு மானியம் உண்டு. ஊழியத்துக்குப் பொறுப்பாளர் யார் என்பதில் தெளிவில்லை.

டில்லி வேறு வழியைக் கண்டது. 1995-இல் பதிவான மெட்ரோ ரயில் கார்ப்பரேஷனில் மத்திய சர்க்காருக்கும் டில்லி சர்க்காருக்கும் சரிபாதிப் பங்கு. முதற்கட்டச் செலவில் பெரும்பகுதி ஜப்பான் நாட்டிலிருந்து குறைந்த வட்டிக்கு வந்த நீண்டகாலக் கடன். வேலை தாமதமானால் வட்டி ஏறும். ஆகவே காலக்கெடு கண்முன் நின்றது. 2002 டிசம்பரில் முதல் வண்டி ஓடியது எங்கே தெரியுமா? ஷாதராவிலிருந்து தீஸ் ஹஜாரி வரை. சிறு ரயில் நின்றுபோன அதே ஷாதராவில், முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் புது ரயில் பிறந்தது.

2005-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய நகரப் புதுப்பிப்புத் திட்டம் மானியத்துக்கு நிபந்தனை வகுத்தது. நாற்பது லட்சத்துக்கு மேல் ஜனத்தொகையுள்ள நகரத்துக்கு மத்திய உதவி நூற்றுக்கு 35, பத்து லட்சத்துக்கு மேற்பட்டதற்கு 50, ஏனையவற்றுக்கு 80, வடகிழக்குப் பிரதேசத்துக்கு 90. 2009-இல் இத்திட்டத்தின் கீழ் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட பஸ்கள் வாங்க அனுமதி கிடைத்தது. புது பஸ் வந்தது. ஆனால் பல ஊர்களில் டிப்போவுக்கும், உதிரிப் பாகத்துக்கும், பழுது பார்ப்பதற்கும் பணம் தேடுவார் இல்லை. சில ஆண்டுகளில் பஸ்கள் மூலையில் நின்று துருவேறின. ஆம்தா ரயிலின் கதையே மீண்டும் நடந்தது.

2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை இப்பாடத்தில் சிறிது கற்றுக்கொண்டது. மத்திய உதவி கேட்கும் மாநிலம், மெட்ரோ தேவைதானா, பஸ்ஸோ வேறு சாதனமோ போதாதா என்பதை முன்கூட்டியே ஆராய வேண்டும். நிலையத்திலிருந்து வீடு வரை செல்லும் வழியையும் திட்டமிட வேண்டும். 2023 ஆகஸ்டில் மத்திய மந்திரிசபை ஏற்ற மின்சார பஸ் திட்டம் மேலும் ஓர் அடி முன்சென்றது. பத்தாயிரம் பஸ்களுக்கென மத்திய சர்க்கார் ஒதுக்கிய இருபதாயிரம் கோடி ரூபாய், பஸ்ஸை வாங்குவதோடு நில்லாமல், பத்து ஆண்டுகள் அவற்றை ஓட்டுவதற்கும் துணைநிற்கும் என்று அறிவிக்கப்பட்டது. வண்டிக்கு மட்டுமன்றி ஓட்டத்துக்கும் மானியம் என்ற எண்ணம் வரவேற்கத்தக்கது.

இவற்றை எல்லாம் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகிறது. உத்தரவாதம் தந்த காலத்தில் பணம் மிகுதி, பொறுப்பு இல்லை. ஜில்லா போர்டு காலத்தில் பொறுப்பு மிகுதி, ஆயினும் கை சிறிது. நம் காலத்தில் பணமும் உண்டு, திட்டமும் உண்டு. ஆனால் திறப்பு விழாவோடு பொறுப்பு முடிந்துவிடும் ஆபத்தும் உண்டு. சீசன் டிக்கெட்டில் போகும் குமாஸ்தாவுக்கும், விடியற்காலையில் வீட்டு வேலைக்குச் செல்லும் அம்மாளுக்கும் திறப்பு விழாவால் பயனில்லை. பத்தாம் ஆண்டிலும் வண்டி நேரத்துக்கு வர வேண்டும். அதுவே அவர்களுக்கு மானியம்.

தஞ்சை ஜில்லா போர்டின் பாதையிலும் மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்துவிட்டது. திருவாரூருக்கும் காரைக்குடிக்கும் இடையே பல ஆண்டுகள் நின்றிருந்த வண்டி 2019-இல் திரும்பவும் ஓடத் தொடங்கிற்று. விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது அதில் ஏறித் திருத்துறைப்பூண்டியில் இறங்கினேன். பாட்டி இன்று இல்லை. இருந்திருந்தால், ‘நாம தீர்வை கட்டின ரயில்தானே?’ என்று கேட்டிருப்பார். ஆம் என்று சொல்வதில் பிழையில்லை. அன்று தம்பிடியாகக் கட்டினோம். இன்று வரியாகவும் சீட்டாகவும் கட்டுகிறோம். எந்த ஊரில் குடியிருந்தாலும் அங்கே ஓடும் ரயிலும் பஸ்ஸும் நம் பணத்தில் ஓடுவனவே. கட்டிய பணத்துக்குரிய ஊழியத்தைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. சீட்டு வாங்காமல் ஏறாதிருப்பது நம் கடன்.