சாய்ந்த சக்கரம்

பிரான்சில் முதல் உலகப் போருக்குச் சற்றுமுன் நடந்த கார்ப் பந்தயமொன்றை இளைஞரான ழாக் ஆன்றி லார்த்தீக் (1894–1986) படம் பிடித்தார். விரையும் காரோடு கேமராவையும் திருப்பினார். உள்ளே ஒளி புகும் குறுகிய பிளவோ தகட்டின் மீது படிப்படியாகவே நகர்ந்தது. ஆதலால் சக்கரம் முட்டைவடிவாகி முன்னே சாய்ந்தது. பாதையோரம் நின்றோர் பின்னே சாய்ந்தனர். பழுதென அவரே ஒதுக்கிய படம் அது! 1963இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்த பின்னரே பெரும்புகழ் பெற்றது. நெடுங்காலம் 1912 எனக் குறிக்கப்பட்ட அதனை 1913ஆம் ஆண்டினது என்பாரும் உளர்.

காரை விட்டு, நம் கண்கள் பாதையோரத்தாரிடமே தங்குகின்றன. 1914 ஆகஸ்டில் அந்நாட்டு இளைஞர் போர்முனைக்கு அழைக்கப்பட்டனர். அங்கே நின்றவருள் எவர் சென்றார், எவர் மீண்டார்?